அலரும் இற்செறிப்பும்: விடுதி வாழ்வு பற்றிய ஊர்ப்பேச்சின் சமூக அடிப்படை

1

பல்கலைக்கழக மாணவியர் சிலர் தமது அன்றாட வாழ்வைக் கைத்தொலைபேசியிலே படம் பிடித்து ஆயிரக்கணக்கானோர் பார்க்கும் வண்ணம் வெளியிடுவதும், அதன் வழியாக ஓரளவு புகழும் சிலவேளை வருவாயும் பெறுவதும் இப்பொழுது பழகிப்போன காட்சிகளாகிவிட்டன. அக்காணொளிகளின் தரம் பற்றிய ஆராய்ச்சி இங்கு எமது நோக்கமன்று. அவற்றைச் சூழ்ந்து எழும் பேச்சே எமது கவனத்துக்குரியது. அவ்வாறு அறிமுகமான மாணவி ஒருத்தியைப் பற்றி எழும் பேச்சுக்களைத் தொகுத்து நோக்குவோர் ஓர் உண்மையை எளிதிலே அவதானிக்கலாம். அவள் எத்துறையிலே பயில்கிறாள், என்ன வாசிக்கிறாள் என்பன பற்றி வினவுவோர் மிகச் சிலரே. அவள் எங்கே தங்கியிருக்கிறாள், விடுதியிலா வெளியிலா, வெளியிலாயின் அறை வாடகையைச் செலுத்துபவர் யார், எத்தனை மணிக்கு அறைக்குத் திரும்புகிறாள் என்பனவே மீண்டும் மீண்டும் கேட்கப்படும் வினாக்கள்.

ஒரு பெண்ணைப் பற்றிய பேச்சு ஏன் அவளது உறைவிடத்தையே சுற்றிச் சுழல வேண்டும்? இவ்வினாவை ஒழுக்கவியல் வினாவாகக் கொள்வோர் நாகரிகம் கெட்டுவிட்டது என்று கூறி அமைவர். பேசுவோரைக் குறைகூறுவர் சிலர். பேசப்படுபவளைக் குறைகூறுவர் வேறு சிலர். இருசாராரும் பேச்சைத் தனிமனித இயல்பின் விளைவாகவே காண்கின்றனர். நாமோ அதனை ஒரு சமூக நிறுவனமாகக் காண விரும்புகிறோம். தமிழிலே இந்நிறுவனத்துக்குப் பழமையான பெயரும் உண்டு. அதற்கென வகுக்கப்பட்ட இலக்கணமும் உண்டு. அதன் பெயர் அலர்.

பேராதனை வளாகத்தையும் கண்டிச் சூழலையும் களமாகக் கொண்டு, அலர் என்னும் இந்நிறுவனம் உறைவிடத்தோடும் சொத்துறவோடும் கொண்டுள்ள தொடர்பை ஆராய்வதும், எமது இலக்கிய விமர்சனம் அதன் செல்வாக்குக்கு எவ்வளவு தூரம் ஆட்பட்டுள்ளது என்பதைக் காட்டுவதும் இக்கட்டுரையின் நோக்கமாகும். மாணவியர் எவரது பெயரும் இங்கே சுட்டப்படவில்லை. அது வெறும் அவையடக்கம் கருதியதன்று. அதற்கு இலக்கண ஆதாரம் உண்டென்பது கீழே விளங்கும்.

2

அகப்பொருள் மரபிலே ஊர்ப்பேச்சு இரு படிநிலைகளாக வகுக்கப்பட்டுள்ளது. ஒருசிலர் குறிப்பாலுணர்ந்து தமக்குள்ளே முணுமுணுக்கும் நிலை அம்பல். அது மொட்டு நிலை. பலரறிய வெளிப்படையாகப் பேசப்படும் நிலை அலர். அது மலர்ந்த நிலை. திருக்குறளிலே அலரறிவுறுத்தல் என ஓர் அதிகாரமே அமைந்துள்ளது. உருவகத்தின் அழகு காரணமாக, இப்பகுப்பு எதைச் சாதித்தது என்பதை ஆய்வாளர் பலர் கேட்க மறந்துவிடுகின்றனர். அலர் எழுந்ததும் நிகழ்வதென்ன? தாய் அறிகிறாள், தலைவி வீட்டினுள்ளே காவலில் வைக்கப்படுகிறாள். இதுவே இற்செறிப்பு. தினைப்புனத்துக்கும் சுனைக்கும் சென்றுவந்தவள் வாயிலைக் கடக்க முடியாதவளாகிறாள். இதன்மேல் இரு வழிகளே உண்டு: ஒன்று வரைவு, மற்றையது உடன்போக்கு. அலரை எடுத்துக்கூறியே தோழி தலைவனை வரைவு கடாவுகிறாள். ஆகவே, அலர் என்பது களவைக் கற்பாக மாற்றும் நெம்புகோலாகச் செயற்படுகிறது. அதன் முதல் விளைவு பெண்ணின் உறைவிடத்தின்மீதே நிகழ்கிறது.

மருதத்திலே பரத்தையர் சேரியிலே தங்கும் தலைவனைப் பற்றியும் ஊர் பேசுகிறது. ஆயின் அப்பேச்சு அவனை எவ்வீட்டிலும் அடைத்து வைப்பதில்லை. வாயில் அவனுக்கு ஊடலால் மறுக்கப்படுகிறது, பின்னர் திறக்கப்படுகிறது. இற்செறிப்புக்கு ஆண்பாற் சொல் எமது இலக்கணத்திலே கிடையாது. குறிஞ்சியிலிருந்து மருதத்துக்குச் செல்லும் பாதை, உற்பத்தி முறையினதும் சொத்துடைமையினதும் வளர்ச்சிப் பாதையுமாகும். ஐந்திணைகளைச் சமனற்ற சமூக வளர்ச்சியின் வெளிப்பாடாகக் கண்டு கா. சிவத்தம்பி 1974இலே வெளியிட்ட ஆய்வு இதனை விளங்கிக்கொள்வதற்கு வழிசெய்கிறது. நிலம் வழிவழியாகக் கைமாறும் உடைமையாகும்போது, யாருடைய பிள்ளை யாருக்குப் பிறந்தது என்னும் வினா பொருளியல் வினாவாகிறது. அவ்வினாவுக்குக் காவலாக ஊரின் வாய் அமைகிறது.

இம்மரபிலே மனங்கொளத்தக்க வேறு இரண்டு விதிகளும் உள. அன்பின் ஐந்திணையிலே தலைமக்களின் இயற்பெயர் சுட்டப்படலாகாது என்று தொல்காப்பியம் கூறுகிறது. செய்யுளியலிலோ, ஊரார், அயலார், சேரியோர் முதலானோருக்கு நேரடியான கூற்று இல்லை என்றும், அவர்களது சொற்கள் பிறரால் எடுத்துக்கூறப்படும் அளவிலேயே செய்யுளில் இடம்பெறும் என்றும் விதிக்கப்படுகிறது. ஊர் பேசுகிறது, ஆயின் கவிதையிலே அதற்குக் குரல் வழங்கப்படவில்லை. அலரால் தாக்கப்பட்டவளும் அவளது தோழியுமே அலரைப் பற்றிப் பேசுகின்றனர். பெயர் சுட்டுவதை விலக்கி, பேசப்பட்டவளிடம் பேச்சை ஒப்படைத்த இம்மரபு, சமூகத்திலே அலர் இயங்கிய முறையைக் கலையிலே தலைகீழாக்கியது எனலாம்.

ஆயினும் இதனைப் பொற்காலமாகக் கொண்டாடுவதற்கில்லை. அடியோரும் வினைவலரும் ஐந்திணைக்குப் புறத்தேதான் வைக்கப்பட்டனர். கைக்கிளை, பெருந்திணை ஆகியவற்றிலே அவர்களைப் பாடுவதற்குத் தடையில்லை என்பதே அவர்களுக்குக் கிடைத்த சலுகை. பெயர் மறைக்கப்படும் உரிமையும் அந்தரங்கத்துக்கான மதிப்பும் பிறர்க்கு உழைக்காதோருக்கே முழுமையாக உரியனவாயிருந்தன. இவ்வேறுபாட்டை நாம் பின்னர் ஹந்தானை மலைச்சரிவிலே மீண்டும் சந்திப்போம்.

3

உறைவிடத்துக்கும் சொத்துக்கும் உள்ள உறவு கண்டிப் பிரதேசத்திலே சட்ட வடிவிலேயே பொறிக்கப்பட்டிருப்பதைக் காணலாம். கண்டியச் சட்டத்திலே விவாகம் இருவகைப்படும். தீக விவாகத்திலே பெண் கணவன் வீடு செல்கிறாள். பிறந்தகத்துச் சொத்துரிமையை இழக்கிறாள். பின்ன விவாகத்திலே கணவன் அவள் வீட்டுக்கு வருகிறான். அவளது உரிமை நிலைக்கிறது. ஆகவே, ஒரு பெண் எந்தக் கூரையின்கீழ் உறங்குகிறாள் என்பதே நிலம் யாருக்குச் சேரும் என்பதைத் தீர்மானித்தது. பிரித்தானிய ஆட்சியாளர் 1859ஆம் ஆண்டின் 13ஆம் இலக்கக் கட்டளைச் சட்டத்தின் மூலம் கண்டிய விவாகங்களைப் பதிவுக்குட்படுத்தி, பல கணவர் மணத்தையும் தடைசெய்தனர். விக்டோரிய ஒழுக்கமும் காணி உறுதியும் ஒரே சட்டத்திலே கைகோத்தமை தற்செயலானதன்று. கோப்பிப் பயிர்ச்செய்கை பரவிய அக்காலத்திலே காணியின் உரித்து ஐயத்துக்கிடமின்றித் துலங்கவேண்டியிருந்தது.

யாழ்ப்பாணத்துத் தேசவழமையின் நிலை வேறு. அங்கு வீடும் வளவும் சீதனமாகப் பெண்ணுக்கு வழங்கப்படுகின்றன. ஆயினும் கணவனது இணக்கமின்றி மனைவி தன் அசையாச் சொத்தை விற்கவியலாது. வீடு அவள் பெயரில். அதன்மீதான அதிகாரம் வேறொருவர் கையில். ‘குடும்பம், தனிச்சொத்து, அரசு ஆகியவற்றின் தோற்றம்’ என்ற நூலிலே (1884) ஏங்கெல்ஸ் விளக்கிய உறவு இவ்விரு சட்டங்களிலும் வெவ்வேறு உருவங்களிலே புலப்படுகிறது. இரு சமூகங்களிலிருந்தும் பேராதனைக்கு வரும் மாணவி இந்தச் சட்டங்களை வாசித்திருக்க வேண்டியதில்லை. அவள் எங்கே தங்குகிறாள் என்று ஊரார் கேட்கும்போது, அந்தக் கேள்வியினுள்ளே இச்சட்டங்கள் உறைந்து கிடக்கின்றன. கலியாணச் சந்தையிலே அவளது ‘பெயர்’ ஒரு பண்டத்தின் விலையைப்போல ஏறி இறங்குவதும் இதனாலேயே.

4

பேராதனை இச்சூழலிலே ஒரு புதுமையாகத் தோன்றியது. 1942இலே கொழும்பிலே நிறுவப்பட்ட இலங்கைப் பல்கலைக்கழகத்தின் முதல் துணைவேந்தர் ஐவர் ஜெனிங்ஸ் கேம்பிறிட்ஜில் பயின்றவர். மாணவர் அனைவரும் ஓரிடத்தே உறைந்து கற்பதே உயர்கல்வி என்பது அவரது நம்பிக்கை. 1952இலே கலைத் துறைகள் மகாவலிக் கரைக்கு இடம்பெயர்ந்தன. ஹில்டா ஒபயசேகர, சங்கமித்தா ஆகிய பெயர்களைத் தாங்கிய பெண்கள் விடுதிகளும், இராமநாதன், அருணாசலம், ஜயதிலக்க ஆகியோரின் பெயர்களைத் தாங்கிய விடுதிகளும் வளாகத்தின் அடையாளங்களாயின. ஆளும் வர்க்கத்துக்குப் பண்பட்ட வாரிசுகளை உருவாக்குவதே இவ்விடுதிகளின் தொடக்க நோக்கம் என்பதிலே ஐயமில்லை. ஆயின் நிறுவனங்கள் அவற்றை நிறுவியோரின் நோக்கத்துக்குள்ளே அடங்கி நிற்பதில்லை. தந்தை வீட்டுக்கும் கணவன் வீட்டுக்கும் இடையே மூன்றாவதோர் உறைவிடத்தை இந்நாட்டுப் பெண்கள் கணிசமான தொகையினராகப் பெறுவதற்கு அவை வழிசெய்தன. சொந்தமாக ஒரு கட்டில், ஒரு மேசை, பூட்டக்கூடிய ஒரு கதவு. 1928இலே கேம்பிறிட்ஜின் மகளிர் கல்லூரிகளிலே ஆற்றிய உரைகளை விரித்து வெர்ஜினியா வுல்வ் அடுத்த ஆண்டு வெளியிட்ட நூலிலே வலியுறுத்திய தனியறை, இலவசக் கல்வியின் துணையோடு இங்கே அரசுச் செலவிலே கிடைத்தது. அவ்வுரைகள் நிகழ்ந்தபோது கேம்பிறிட்ஜ் பெண்களுக்கு முழுமையான பட்டம் வழங்கத் தொடங்கியிருக்கவில்லை. அது 1948இலேயே நிகழ்ந்தது என்பதும் நினைவுகூரத்தக்கது.

1945இலே கன்னங்கராவின் முயற்சியால் நடைமுறைக்கு வந்த இலவசக் கல்வியும், 1960இலே கலைத்துறைகளிலே தாய்மொழி போதனாமொழியானமையும், 1970களிலே மாவட்ட அடிப்படையிலான அனுமதியும் மாணவரின் வர்க்கச் சேர்க்கையை மாற்றியமைத்தன. மாணவர் தொகை பெருகியது. கட்டில்களின் தொகை அதே வேகத்திலே பெருகவில்லை. விடுதியிடம் எல்லா ஆண்டினருக்கும் கிடைப்பதில்லை. எஞ்சியோர் ஹிந்தகலை, பெனிதெனியா, கன்னொறுவை முதலிய அயற்பகுதிகளிலே வாடகை அறை தேடுகின்றனர். மகாபொல உதவித்தொகை 2025ஆம் ஆண்டு வரவு செலவுத் திட்டத்திலே ஐயாயிரம் ரூபாவிலிருந்து 7,500 ரூபாவாக உயர்த்தப்பட்டது. உணவுக்கும் போக்குவரத்துக்கும் அத்தொகை போதுமா என்பதே கேள்விக்குரியது. அதற்குமேல் வாடகையும் செலுத்த வேண்டிய மாணவி பகுதிநேர வேலையை நாடுகிறாள். அல்லது தன் வாழ்வையே காட்சியாக்கி விற்கிறாள்.

இவ்விடத்திலேதான் அலர் தன் பணியைத் தொடங்குகிறது. வாடகையைச் செலுத்துபவர் யார் என்பது நியாயமான வினாவே. பொதுக் கல்வியை ஏற்ற அரசு உறைவிடப் பொறுப்பை ஏன் சிறுகச் சிறுகக் கைவிட்டது, அவ்வெற்றிடத்திலே யார் இலாபம் ஈட்டுகின்றனர் என்பதே அதன் உண்மை வடிவம். அலர் இவ்வினாவை எடுத்து, அதன் எழுவாயை மாற்றிவிடுகிறது. அரசும் வீட்டு உரிமையாளரும் மறைகின்றனர். பெண்ணொருத்தியின் நடத்தை முன்னிற்கிறது. கட்டிற் பற்றாக்குறை கற்பின் பற்றாக்குறையாக மொழிபெயர்க்கப்படுகிறது. வதந்தியிலே உண்மையே இல்லை என்று கூறுவதைவிட, உண்மையான முரண்பாடொன்று அதிலே திரிந்த வடிவிலே வெளிப்படுகிறது என்று கூறுவதே பொருந்தும். கருத்துநிலை என்று மார்க்சியம் கூறுவது இதனையே.

உலகின் பிற பகுதிகளிலும் விடுதியின் கதவு அரசியற் களமாகியுள்ளது. 1967இலே பாரிசை அடுத்த நாந்தேர் வளாகத்திலே, பெண்கள் விடுதிக்குள் செல்வதைத் தடுத்த விதிகளுக்கு எதிராக மாணவர் கிளர்ந்தமை மறு ஆண்டின் பெரும் எழுச்சிக்கு முன்னோடிகளுள் ஒன்றாயிற்று. 2015இலே டில்லியிலே கூட்டை உடைப்போம் என்னும் பொருள்படும் பெயரோடு தோன்றிய மாணவியர் இயக்கம், இரவுநேரக் கதவடைப்பை எதிர்த்ததோடு, கட்டுப்படியாகும் வாடகையிலே விடுதியிடம் வேண்டும் என்றும் கோரியது. இற்செறிப்பையும் வாடகையையும் ஒரே கோரிக்கையாக இணைத்தமையே அவ்வியக்கத்தின் சிறப்பு.

5

இனி இலக்கியத்துக்கு வருவோம். பேராதனையைச் சூழ்ந்து 1950களின் பிற்பகுதியிலும் 1960களிலும் எழுந்த சிங்களப் புனைகதை பற்றிய விவாதம், அலர் எவ்வாறு விமர்சனமாக வேடமிட்டு வரும் என்பதற்குத் தக்க சான்றாகும். சிறி குணசிங்கவின் ‘ஹெவனெல்ல’ (1960) நனவோடை உத்தியைக் கையாண்டு, பௌத்த ஒழுக்கச் சூழலிலே வளர்ந்த கிராமத்து இளைஞன் ஒருவன் பல்கலைக்கழக வாழ்விலே அடையும் அகமுரண்பாட்டைச் சித்திரித்தது. அதே ஆண்டிலே வெளிவந்த குணதாச அமரசேகரவின் ‘யளி உபன்னெமி’ பாலுணர்வை வெளிப்படையாகக் கையாண்டமைக்காகக் கடுமையாகக் கண்டிக்கப்பட்டது. பிற்காலத்திலே ஆசிரியரே அத்தகைய தமது ஆரம்பப் படைப்புக்களைப் புறந்தள்ளினார். மார்ட்டின் விக்கிரமசிங்க பேராதனைக் குழுவினரை மேனாட்டு, யப்பானிய நசிவிலக்கியத்தைப் பின்பற்றுவோர் எனச் சாடினார். ‘விராகய’ (1956) என்ற அவரது நாவலே அக்குழுவினருக்கு அகவுலகச் சித்திரிப்பின் வாயிலைத் திறந்துவிட்ட படைப்புக்களுள் ஒன்று என்பது இவ்விவாதத்தின் நகைமுரண்.

விக்கிரமசிங்கவின் கண்டனத்திலே வலுவான கூறுகளும் உண்டு. கிராமத்துப் பொருளாதார வாழ்விலிருந்து துண்டிக்கப்பட்ட தனிமனித வேதனையை இலக்கியத்தின் முழுப்பொருளாக்குவது குறைபாடே. ஆயின் இக்கண்டனம் பொதுமக்கள் வாயிலே பரவியபோது, நாவல்களைப் பற்றிய தீர்ப்பு வளாகத்தைப் பற்றிய தீர்ப்பாக மாறியது. வளாகத்தைப் பற்றிய தீர்ப்பு அங்கே தங்கியிருந்த பெண்களைப் பற்றிய தீர்ப்பாக இறங்கியது. அகமுரண்பாட்டின் நாயகன் ஆண்; பழியின் சுமையோ பெண்ணின் தலையிலே. இந்நாவல்களிலும் பெண் பெரும்பாலும் நாயகனது மனச்சாட்சியைச் சோதிக்கும் பொருளாகவே நிற்கிறாள். அவளது அறையின் உட்புறத்தை நாம் காண்பதில்லை.

தமிழிலே 1960களின் தொடக்கம் பேராதனை மாணவ எழுத்தாளரின் எழுச்சிக் காலமாகும். செங்கை ஆழியான், செம்பியன் செல்வன் முதலியோர் அக்காலத்து மாணவர்கள். ‘கதைப் பூங்கா’ முதலிய தொகுதிகள் அவ்வெழுச்சியின் பதிவுகள். இக்காலத்திலேயே பவானி ஆழ்வாப்பிள்ளையின் ‘கடவுளரும் மனிதரும்’ (1962) வெளிவந்தது. காதல், மணம், கற்பு ஆகியவை பற்றிய நிலைபெற்ற கருத்துக்களை ஒரு பெண்ணின் நோக்கிலே கேள்விக்குட்படுத்திய இக்கதைகள், 1960களின் ஈழத்துச் சிறுகதை வரலாற்றிலே தனித்து நிற்பவை. முற்போக்கு இயக்கம் வலுவாக நின்ற காலம் அது. சாதிக்கொடுமை பற்றி எழுதியவர்களுக்குக் கிடைத்த கோட்பாட்டு ஆதரவு, மணவாழ்வின் உள்முரண்பாடுகளை எழுதியவருக்கு அதே அளவிலே கிடைக்கவில்லை. குடும்பத்தை உற்பத்தி உறவுகளின் ஒரு கூறாகக் கண்ட ஏங்கெல்சின் வாசகர்களே, கதையிலே குடும்பம் விசாரிக்கப்பட்டபோது அதனைத் தனிமனிதப் பிரச்சினை என்று ஒதுக்க நேர்ந்தமை எமது விமர்சன வரலாற்றின் தீராத கணக்குகளுள் ஒன்று. 1986இலே யாழ்ப்பாணத்திலே பெண்கள் ஆய்வு வட்டம் ‘சொல்லாத சேதிகள்’ தொகுதியை வெளியிட்டபோதுதான், பேசப்பட்டோர் கூட்டாகப் பேசத் தொடங்கினர்.

எதிரிவீர சரச்சந்திர 1971ஆம் ஆண்டுக் கிளர்ச்சிக் காலத்துப் பல்கலைக்கழகத்தைப் பொருளாகக் கொண்டு 1975இலே சிங்களத்திலும் 1978இலே ஆங்கிலத்திலும் நாவல் வடித்தார். கிளர்ந்தெழுந்த மாணவர்மீது ஆழ்ந்த பரிவு கொண்ட படைப்பு அது. எனினும் அது பேராசிரியர் ஒருவரின் பார்வையிலே இயங்குகிறது. விடுதிகளிலே என்ன நிகழ்கிறது என்பதை அவர் ஊகத்தாலும் கேள்வியாலுமே அறிய முடிகிறது. மிகச் சிறந்த நோக்கமுடைய எழுத்தாளரும் விடுதியின் கதவுக்கு வெளியே நின்று காதுகொடுக்க நேர்கையிலே, பரிவும் கேள்விச் செய்தியை நம்பியே இயங்க வேண்டியதாகிறது.

6

வளாகத்துக்கு மேலே எழும் ஹந்தானை மலையிலே தேயிலைத் தோட்டங்கள் உள்ளன. தோட்டங்களிலே லயன்கள் உள்ளன. பத்துக்குப் பன்னிரண்டு அடி அறையொன்றிலே ஒரு குடும்பம் முழுவதும் வாழ்வது அங்கே நெடுங்கால வழக்கம். சுவருக்கு அப்பால் அடுத்த குடும்பம். உடல்நோவும் சண்டையும் சரசமும் பொதுச் செவிக்கே உரியன. அகப்பொருள் இலக்கணத்திலே அடியோருக்கும் வினைவலருக்கும் மறுக்கப்பட்ட அந்தரங்கம், இங்கே கட்டட அமைப்பாலேயே மறுக்கப்படுகிறது. லயன் அறை தொழிலாளியின் உடைமையுமன்று. தொழில் போனால் கூரையும் போகும். தொழிற்சங்க முயற்சியில் ஈடுபட்ட தொழிலாளி தோட்டத்தைவிட்டு வெளியேற்றப்படுவதைப் பொருளாகக் கொண்ட சி. வி. வேலுப்பிள்ளையின் நாவலுக்கு ‘வீடற்றவன்’ என்ற தலைப்பு இதனாலேயே பொருந்தியது. 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டம் அவ்வீடின்மையை நாடின்மையாக விரித்தது.

அத்தகைய அறையிலிருந்து பல்கலைக்கழகத்துக்கு வரும் மாணவிக்கு விடுதிக் கட்டில் எதனைக் குறிக்கும் என்பதைச் சிந்திக்க வேண்டும். பலருக்கு வாழ்வில் முதல்முறையாகக் கிடைக்கும் தனிமேசை அது. தோட்டத்திலே அவளைப் பற்றிய பேச்சு அவளது குடும்பத்தோடு நிற்பதில்லை. ஒருத்திமீது எழுந்த அலர், அடுத்த ஆண்டு உயர்தரம் எழுதவிருக்கும் அவளது தங்கையையும் பக்கத்து லயத்துப் பிள்ளையையும் வீட்டிலேயே நிறுத்திவிடக்கூடும். நடுத்தர வர்க்கத்து மாணவியின் பெயருக்கு நேரும் இழுக்கு கலியாணச் சந்தையிலே விலைக்குறைவாக முடியலாம். தோட்டத்து மாணவிக்கோ அது ஒரு தலைமுறையின் கல்வியையே நிறுத்தும் இற்செறிப்பாகிறது. வர்க்கத்தை மறந்து அலரை ஆராய முடியாது என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டியதில்லை.

இங்கே ஒரு மறுப்பு எழலாம். ஊர்ப்பேச்சு எளியோரின் ஆயுதமும் அன்றோ? அது உண்மையே. மலேசியக் கிராமமொன்றை ஆராய்ந்து ஜேம்ஸ் ஸ்கொட் 1985இலே வெளியிட்ட நூல், செல்வரின் பெயரைக் கெடுக்கும் பேச்சு வறியோரின் அன்றாட எதிர்ப்பு வடிவங்களுள் ஒன்று எனக் காட்டுகிறது. எமது மலையக நாட்டார் பாடல்களிலே கங்காணியையும் துரையையும் எள்ளிநகையாடும் பகுதிகள் இவ்வகையின. ஆகவே அலர் முழுவதையும் ஒரே தராசிலே நிறுக்கவியலாது. அது எத்திசையிலே பாய்கிறது என்பதே அளவுகோல். கங்காணியைப் பற்றிய பாடல், கூலியைக் குறைக்கும் கையைச் சுட்டுகிறது. மாணவியின் அறையைப் பற்றிய பேச்சு, அவ்வறையின் கதவை வெளியிலிருந்து பூட்டுகிறது. முன்னையது அதிகாரத்தை நோக்கி எறியப்படும் கல். பின்னையது அதிகாரம் எம் வாயாலேயே எறியும் கல்.

7

வளாகத்தின் முற்போக்கு அரசியலும் இவ்வகையிலே விசாரணைக்குரியது. பகிடிவதையை நியாயப்படுத்துவோர், அது வர்க்க வேறுபாடுகளைக் களைந்து அனைவரையும் சமமாக்குகிறது என்பர். புதுமுக மாணவியர் எவ்வகை உடை உடுத்தலாம், யாரோடு பேசலாம், எவ்வழியே விடுதிக்குத் திரும்பலாம் என்பன இச்சமத்துவத்தின் பெயரால் விதிக்கப்பட்டு வந்துள்ளன. 1975இலே பகிடிவதைக்கு அஞ்சி விடுதி மாடியிலிருந்து குதித்த பேராதனை மாணவி ஒருவர் நடக்கும் ஆற்றலை இழந்தார்; 1997இலே அதே பல்கலைக்கழகத்தின் மாணவர் ஒருவர் பகிடிவதையின் விளைவாக உயிரிழந்தார். 1998ஆம் ஆண்டின் 20ஆம் இலக்கச் சட்டம் இதனைக் குற்றமாக்கியது. சட்டம் வந்த பின்னரும் வதை ஒழியவில்லை. பணிய மறுக்கும் மாணவியைத் தண்டிக்கும் எளிய கருவி இன்றும் அவளைப் பற்றிய கதையே. வர்க்கத்தின் சொற்களைக் கொண்டு சாதியக் குடும்பத்தின் காவற்பணியைச் செய்வது முற்போக்கு ஆகாது.

இன்றைய நிலையிலே ஒரு புதிய கூறும் சேர்ந்துள்ளது. பழைய அலர் யாருக்கும் நேரடியாகப் பணம் ஈட்டித் தரவில்லை. இன்று பார்ப்போரின் கவனமே விளம்பரக்காரருக்கு விற்கப்படும் பண்டமாகையால், புகழ்ச்சியும் பழிச்சொல்லும் ஒரே விலையிலே விற்பனையாகின்றன. மாணவியின் காணொளி ஒரு சரக்கு; அவளைப் பற்றிய அலர் இன்னொரு சரக்கு. இரண்டின் உபரியும் பேராதனைக்கு வெகுதொலைவிலுள்ள பெருநிறுவனங்களையே சென்றடைகிறது. அவளோ அறையையும் அந்தரங்கத்தையும் உற்பத்திச் சாதனமாக்கி, அவ்வறைக்கே வாடகை செலுத்துகிறாள். இதனை வெறும் தன்முனைப்பு என்று இகழ்வோரும், பெண் விடுதலை என்று போற்றுவோரும் உழைப்பைக் காணத் தவறுகின்றனர். தோட்டத்திலே கூரையும் வேலையும் பிரிக்கவியலாதிருந்தன. இப்பொழுது வேறொரு முறையிலே அவ்விரண்டும் மீண்டும் ஒன்றிணைகின்றன.

இந்நிலையிலே விமர்சகரின் பணி யாது? அலர் திரித்த வினாவை அதன் உண்மை வடிவுக்கு மீட்பதே முதற்பணி. எத்தனை மாணவருக்கு எத்தனை கட்டில்கள் உள்ளன, எஞ்சியோர் எங்கே எவ்வாடகையிலே வாழ்கின்றனர், தோட்டப் பகுதிகளிலிருந்து வரும் மாணவியருள் எத்தனைபேர் உறைவிடமின்மையால் கல்வியை இடைநிறுத்துகின்றனர் என்னும் விபரங்களைத் திரட்டுவது பல்கலைக்கழகத் தமிழ்ச் சங்கம் ஒன்றுக்குப் புறம்பான வேலையன்று. இலக்கியத்தைப் பொறுத்தவரை, விடுதியறையின் உட்புறத்திலிருந்து எழுதப்பட்ட நாவலும் நாட்குறிப்பும் எமக்கு இன்னமும் தேவை. அவற்றை எழுதக்கூடியோர் இப்பொழுது அவ்விடுதிகளிலும் அயலிலுள்ள வாடகை அறைகளிலும் வாழ்ந்துகொண்டிருக்கின்றனர். அவர்களது எழுத்து கிடைக்கும்போது, எழுதியவர் யார், எங்கே தங்கியிருந்தார் என்று துருவாமல் எழுத்தை வாசிக்கும் பயிற்சி எமக்கு வேண்டும். பெயர் சுட்டாமையையும் ஊருக்குக் கூற்று வழங்காமையையும் தலைமக்களுக்கு மட்டும் உரிய சலுகையாக வகுத்தது பழைய இலக்கணம். அச்சலுகையை வினைவலரின் மகளுக்கும் உரிய உரிமையாக்குவதே எமது காலத்து அகப்பொருள் ஆய்வு ஏற்கவேண்டிய பொறுப்பாகும்.